நெய்த வீடு: குறைப்பு அச்சோவியமும் காஞ்சித் தறிவீடும்

முன்னுரை

தொழில் நிகழ்ந்த கட்டடங்களைக் கலைஞர் எவ்வாறு காட்டுகின்றனர், அக்காட்சி அங்கு உழைத்தோரை எவ்வளவிற்கு உட்கொள்கின்றது என்னும் வினாக்கள் திறனாய்வாளர் கருதத்தக்கன. கோயிற் கட்டடக்கலை பற்றித் தமிழில் விரிந்த நூல்கள் பல உள. ஆலை, பண்டகசாலை, தறிவீடு ஆகியவற்றைக் காட்டும் ஓவியங்கள் பற்றிய ஆய்வுகளோ அவற்றோடு ஒப்ப நோக்கச் சிலவே. இக்கட்டுரை, இலினோலியத் தகட்டில் செய்யப்பெறும் அச்சோவிய வகைகளுள் குறைப்பு முறை எனப்படுவதை எடுத்துக்கொள்கின்றது. அம்முறை தொழிற்கட்டடத்தைக் காட்டுதற்கு எவ்வாற்றாற் பொருந்தும் என்பதையும், பட்டு நெசவிற்கும் திருக்கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் அதற்குரிய கட்டடம் யாது என்பதையும் யாம் ஈண்டு ஆராய்கின்றோம்.

இவ்வாய்விற்குரிய அளவுகோலைத் தொல்காப்பிய வினையியலிலிருந்து பெறுகின்றோம். சொல்லுக்கு உரைத்த இலக்கணத்தை ஓவியத்தின்மேல் ஏற்றுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்துமாற்றைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

1. குறைப்பு முறையின் இயல்பு

இலினோலியம் தரைவிரிப்பிற்கென ஆக்கப்பெற்ற பொருள். இங்கிலாந்து நாட்டுப் பிரெடரிக் வால்டன் என்பார் 1860களில் இதற்கு உரிமம் பெற்றார். ஆளிவிதை எண்ணெயைக் காற்றிற் கெட்டிப்படச் செய்து, தக்கைத்தூள் முதலியவற்றோடு கலந்து, சணல் துணியின்மேற் பரப்பி இறுக்கினால் இது கிடைக்கும். எனவே இத்தகடு தானே ஓர் ஆலைப்பொருள் ஆகும். அதன் முதுகில் ஒரு நெசவும் உண்டு. மரத்திற்குரிய இழையோட்டம் இன்மையால் உளி எத்திசையிலும் எளிதிற் செல்லும். அவ்வெளிமை காரணமாகவே பள்ளிச் சிறுவர் பயிற்சிக்கு உரியது என்று இது நெடுநாள் எளிமையாக எண்ணப்பட்டது.

பல நிறங்களை வேண்டுவோர் நிறத்திற்கு ஒரு தகடு செதுக்குதல் பழைய வழக்கு. குறைப்பு முறையில் தகடு ஒன்றே. உருவத்தை இடவலம் மாற்றித் தகட்டில் வரைந்தபின், தாளின் வெண்மை எங்கெங்கு நிற்றல் வேண்டுமோ அவ்விடங்களை முதற்கண் குடைந்து நீக்குவர். எஞ்சிய மேற்பரப்பில் மிக வெளிறிய நிறத்தை உருளையால் ஏற்றி, வேண்டிய படிகள் அனைத்தையும் அச்சிடுவர். பின்னர், அவ்வெளிறிய நிறம் நிற்கவேண்டிய இடங்களைக் குடைவர். அதனினும் ஆழ்ந்த நிறத்தை முன்னைய நிறத்தின்மேற் பதிப்பர். இவ்வாறு குடைதலும் பதித்தலும் மாறி மாறி நிகழ, இறுதியில் மிகக் கரிய நிறத்திற்குரிய சில மேடுகளே தகட்டில் எஞ்சும்.

தாள் ஒவ்வொரு முறையும் இம்மியும் விலகாது அதே இடத்திற் பொருந்துதல் இன்றியமையாதது. அதன்பொருட்டு மூலைக்கட்டைகளையோ ஊசிகளையோ அமைப்பர். எண்ணெய் மை உலரும் வரை காத்திருத்தலும் வேண்டும். இருபது படிகள் வேண்டுவோர், பொருத்தம் பிழைத்துக் கழியும் தாள்களையும் எண்ணித் தொடக்கத்திலேயே இருபத்தைந்து அச்சிடுவர். ஏனெனில் இரண்டாம் குடைவிற்குப்பின் முதல் நிறத்தை மீண்டும் அச்சிடத் தகடு இல்லை. இது பற்றியே மேலைநாட்டுக் கலைஞர் இதனைத் ‘தற்கொலை அச்சு’ என்றும் வழங்குவர்.

இம்முறையினின்று மூன்று உண்மைகள் பெறப்படும். ஒளி எங்கு நிற்கும் என்பது முதலிலேயே துணியப்பட வேண்டும். பின்னர் அதனை மீட்டல் இயலாது. ஒவ்வொரு நிலையும் தனக்கு முந்திய நிலையை அழித்தே தோன்றுகின்றது. படத்தில் மிக இருண்ட இடம் எதுவோ அதுவே தகட்டில் இறுதிவரை உளிக்குத் தப்பி நின்ற இடம் ஆகும். இம்மூன்றாம் உண்மை பின்னர்ப் பெரிதும் பயன்படும்.

கழித்து ஆக்கும் கலை நமக்குப் புதிதன்று. செங்கல், மரம், உலோகம், சுதை என்பன இன்றிக் கோயில் எடுப்பித்ததை மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் பெருமிதத்தோடு கூறிக்கொண்டவன் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன். காஞ்சியிற் கயிலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்மன் காலத்தில், குடைதல் பின்னிடக் கட்டுதல் முன்னிற்கின்றது. ஆயினும் குடைவரைக்கும் குறைப்பு அச்சிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. குடைவரையில் எஞ்சிய கல்லே கலைப்பொருள். குறைப்பு அச்சில் எஞ்சிய தகடு பயனற்றது; கலைப்பொருள் தாளின்மேல் உள்ளது. தகடு பட்ட இழப்புகளின் நினைவு நிறமாகித் தாளில் அடுக்கப்பட்டிருக்கின்றது.

2. மூன்று அச்சோவியங்கள்

இக்கலையின் ஆற்றலையும் எல்லையையும் உணர மூன்று படங்களை ஒப்பு நோக்குவாம்.

முதலாவது, நந்தலால் போசு 1930இல் உப்பு அறப்போரை ஒட்டிச் செதுக்கிய காந்தியடிகள் உருவம். கரிய பரப்பில் வெண்கோடுகளால் அமைந்த இப்படத்தில் கோலூன்றி நடக்கும் ஒருவரே உளர், கட்டடம் இல்லை. நிறம் ஒன்றே ஆதலின் குறைப்பு முறைக்கு இடமும் இல்லை. ஆயினும் உளி நீக்கிய இடமே ஒளியாகும் என்பதை இந்திய மண்ணில் இதைவிடச் சுருங்கக் காட்டிய படம் அரிது. வினைமுதலும் வினையும் இதில் முழுமையாக உள.

இரண்டாவது, எட்வர்டு போடன் என்னும் ஆங்கிலக் கலைஞர் 1960இல் ஆக்கிய இலிவர்ப்பூல் தெரு நிலையம். 1874இல் திறக்கப்பெற்ற இலண்டன் இருப்புப்பாதை நிலையத்தின் இரும்புத் தூண்களும் கூரையும் இப்படத்தை ஆள்கின்றன. இலண்டனில் 1837இல் எழுந்த யூசுடன் நிலைய வாயில், இப்படம் தோன்றியதற்கு மறு ஆண்டிற்குள் இடிக்கப்படத் தொடங்கியது. இலிவர்ப்பூல் தெரு நிலையமும் 1970களில் இடிபாட்டிற்கு இலக்காகிப் பின் காக்கப்பட்டது. தொழிற்காலக் கட்டடம் கோயிலைப் போலவும் அரண்மனையைப் போலவும் நின்று பார்க்கத்தக்கது என்பதைப் போடன் நிறுவினார். ஆனால் அவர் படத்தில் நம் கண் இரும்பில் தங்கிவிடுகின்றது. அவ்விரும்பின் கீழ் உழைத்தவர்மேல் செல்வதில்லை.

மூன்றாவது, பிக்காசோ 1962இல் தம் எண்பது வயதிற் செய்த, விளக்கின் கீழ்க் கண்ணாடிக் குவளையும் பழங்களும் அமைந்த படம். பிரான்சின் வலோரிசு நகரில் இடால்கோ ஆர்னேரா என்னும் அச்சகத்தாரோடு உழைத்த பிக்காசோ, 1958இல் பல தகடுகளைக் கொண்டு ஒரு பெண்ணுருவை ஆக்கினார். தகடுகளைப் பொருத்தும் தொல்லையை அதன்கண் உணர்ந்த அவர், பின்னர் ஒரே தகட்டைக் குறைத்துச் செல்லும் நெறியை மேற்கொண்டு அதனை உலகறியச் செய்தார். விளக்குப் படத்தின் படிநிலை அச்சுகளை இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகம் 2014இல் பெற்றது. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் காண்பார்க்கு இவற்றின் அருமை சொல்லாமலே விளங்கும். முடிந்த படம் மறைத்துவிட்ட முன்னிலைகளை இவ்வச்சுகளே காட்டுகின்றன. இப்படத்தின் பொருள் மேசைமேற் பழமும் விளக்குமே. ஆயினும், ஆக்கத்தின் காலம் ஆக்கப்பட்ட பொருளில் தங்கும் வகையை இது தெளிவுறுத்துகின்றது.

நந்தலாலிடம் வினைமுதல் உண்டு. போடனிடம் இடம் உண்டு. பிக்காசோவிடம் காலம் உண்டு. தொழிற்கட்டடத்தின் முழுமையான படம் இம்மூன்றையும் ஒருங்கே வேண்டி நிற்கும்.

3. அளவுகோல்: பெயரெச்சம்

பெயரெச்சம் தன்னளவில் முடியாத சொல். ஒரு பெயரைக் கொண்டு முடிவது. அப்பெயர் ஒரே வகையினது அன்று. வினை நிகழும் இடம், செய்யப்படு பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறனுள் எதனையும் அது கொள்ளும் என்பது தொல்காப்பியர் வினையியலிற் காட்டும் நெறி. ‘நெய்த’ என்னும் பெயரெச்சத்தை எடுத்துக்கொள்வோம். நெய்த வீடு, நெய்த பட்டு, நெய்த நாள், நெய்த தறி, நெய்த பெண், நெய்த நெசவு என ஆறும் அதற்கு முடிபாகும். தமிழ்ச்சொல் இவ்வாறனுள் எதற்கும் முதன்மை தந்து ஏனையவற்றைத் தள்ளிவிடுவதில்லை.

தொழில் நின்ற அல்லது தேய்ந்த கட்டடமும் இத்தகைய எச்சமே. நெய்தல் நிகழ்ந்தது, நிகழ்ந்த வினை போய்விட, கட்டடம் முடிக்கும் சொல்லை வேண்டி நிற்கின்றது. வணிகம் அவ்வெச்சத்தைப் ‘பட்டு’ என்னும் ஒரு பெயரால் முடித்துவிடுகின்றது. மரபுச்சின்னம் போற்றுவோர் பலர் ‘வீடு’ என்னும் பெயரால் முடித்து, சுவரையும் கூரையையும் மட்டும் காண்கின்றனர். ஆறு முடிபுகளுக்கும் இடம் தந்து நிற்கும் படமே தொழிற்கட்டடத்தின் சிறந்த படம் என்பது எம் துணிபு. ஆறும் உருவமாக வரையப்படல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. ஒன்று வரையப்பட, ஏனைய ஐந்தும் நோக்குவார் நெஞ்சில் எழுதல் வேண்டும் என்பதே கருத்து.

4. காஞ்சியில் உரிய கட்டடம் யாது

தொழில் மரபுக் கட்டடம் என்றவுடன் புகைபோக்கி உயர்ந்த செங்கல் ஆலையே பலர் கண்முன் தோன்றும். தமிழ்நாட்டிற்கு அதுவும் உரியதே. சென்னைப் பெரம்பூர்ப் பகுதியிற் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அவ்வாலைத் தொழிலாளரிடையே தோன்றியபோது, அதன் முன்னணியில் நின்றவருள் ஒருவர் தமிழறிஞர் திரு. வி. கலியாணசுந்தரனார். 1996இல் ஆலைகள் மூடப்பட்டன. அவற்றைப் படமாக்குவார்க்குப் போடன் காட்டிய வழி பெரும்பாலும் போதும்.

காஞ்சிக்கு அவ்வழி போதாது. பெரும்பாணாற்றுப்படையும் மணிமேகலையும் பேசும் இப்பழம்பதியின் நெசவு, ஆலைக்குள் அடங்கியதன்று. பிள்ளையார்பாளையம் முதலிய பகுதிகளின் வீடுகளே அதன் தொழிற்கூடம். வீட்டின் கூடத்திற் குழித்தறி. தறியின்மேல் அட்டைகளோடு கூடிய ஜக்கார்டு பெட்டி. அதே கூரையின் கீழ் அடுப்பும் தொட்டிலும். பாவைத் தெருவில் நீட்டி ஒழுங்கு செய்யும் வழக்கினால் தெருவும் தொழிற்கூடத்தின் நீட்சி ஆயிற்று. ஆதலின் இங்கு ‘ஆலை’யைத் தேடிச் செல்வோர் அதனுள்ளேயே நின்று அதனைக் காணாதவர் ஆவர்.

2003இல் உருசிய நாட்டு நிசுனி தாகில் நகரில் தொழில் மரபுக் காப்பாளர் இயற்றிய சாசனம், ஆலை, சுரங்கம், பண்டகசாலை முதலியவற்றோடு நில்லாது, தொழிலோடு தொடர்புடைய குடியிருப்பு, வழிபாடு, கல்வி ஆகியவற்றின் இடங்களையும் தொழில் மரபுள் அடக்குகின்றது. அவ்வரையறையை ஏற்பின், காஞ்சித் தறிவீடும் அத்தெருக் கோயிலும் ஒரே மரபின் இரு கூறுகள் ஆகும்.

ஆனால் ஓவியர்க்கு இங்கு ஓர் இடர் உண்டு. காஞ்சியை வரையப் புகுவார் கண் இயல்பாகவே கோபுரத்தில் ஏறிவிடும். வானில் எழும் கோபுரத்தின் நிழலுருவும், கீழே ஓட்டுக்கூரைகளின் வரிசையும் விரைவில் அழகு தரும். அவ்வழகு பெரும்பாலும் அஞ்சலட்டை அழகாகவே நின்றுவிடும். கோபுரத்தை வரைதல் தவறன்று. தறிவீடு அதன் அடித்தளக் கோலமாகச் சுருங்கிவிடுதலே குறை.

5. குறைப்பு முறையில் தறிவீடு

இனி, தறிவீட்டைக் குறைப்பு முறையில் ஆக்கப் புகுவார் துணியவேண்டியவை யாவை எனக் காண்போம்.

முதல் துணிபு வெண்மை பற்றியது. திறந்த கதவு வழியாகவும் கூரைக் கண்ணாடி ஓட்டின் வழியாகவும் வரும் ஒளியைக் கலைஞர் எதன்மேல் விழவிடுகின்றார்? சேலையின்மேல் எனின், ‘நெய்த’ என்னும் எச்சம் ‘பட்டு’ என்று முடிந்துபோம். பாவிழைகளின்மேல் எனின், இனி நெய்யப்பட வேண்டியது கண்ணுக்குப் புலனாகும்; காலம் படத்துள் வரும். ஆயிரக்கணக்கான பாவிழைகளை ஒவ்வொன்றாகக் குடைதல் இயலாது. கூரிய குடைவுளியாற் சில கீற்றுகளை இட்டு ஏனையவற்றை நோக்குவார்க்கு விடுதலே நெறி.

இரண்டாம் துணிபு பொருத்தம் பற்றியது. காஞ்சிச் சேலையின் உடலும் கரையும் வேறு நிறத்தன. கோர்வை முறையில் மூன்று நாடாக்கள் ஓட, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதற்குத் துணைக்கை ஒன்றும் வேண்டும். இவ்விணைப்பிடத்தில் அமையும் பல்வரிசையே தாழம்பூ ரேக்கு. நிறமும் நிறமும் கூடும் வரம்பிலேதான் நெசவாளர் திறமும் அச்சோவியர் திறமும் ஒருங்கே வெளிப்படுகின்றன. எனினும் வேற்றுமையும் கருதத்தக்கது: நெசவு இழைமேல் இழை கூட்டி வளர்வது, குறைப்பு அச்சின் தகடு ஒவ்வொரு நிறத்திற்கும் தேய்வது. தேய்வதைக் கொண்டு வளர்வதைக் காட்டுதலே இங்குக் கலைஞர்க்கு வாய்த்த அருஞ்செயல்.

தமிழ் இவ்வுறவை முன்னரே ஒரு சொல்லிற் பதித்து வைத்துள்ளது. ‘அச்சு’ என்பது பதிக்கும் கருவியை மட்டுமன்றித் தறியில் ஊடையிழையை நெருக்கும் கருவியையும் குறிக்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இரு பொருளையும் தரும்.

மூன்றாம் துணிபே தலையாயது; அஃது இறுதிக் கருமை பற்றியது. தறிவீட்டில் மிக இருண்ட இடம் தறிக்குழி. நெசவாளர் தம் கால்களை அதனுள் தொங்கவிட்டு மிதியை மிதிக்கின்றார். விருந்தினர் கண்ணுக்கும் வணிகர் கண்ணுக்கும் அவ்விடம் தென்படுவதில்லை. குறைப்பு முறையில் இறுதிக் கருமையை அக்குழிக்கே ஒதுக்கும் கலைஞர், தகட்டின் ஏனைய இடம் யாவும் உளியால் நீங்க, அக்குழியின் வடிவமே மேடாக நிற்கக் காண்பார். வீட்டின் மிகத் தாழ்ந்த பள்ளம் தகட்டின் கடைசி மேடு ஆகின்றது. எல்லாம் கழிந்தபின் எஞ்சுவது உழைத்தவர் கால் நின்ற இடம். அங்கு ஆள் வரையப்படாவிடினும் வினைமுதல் உளர். மிதி வரையப்படாவிடினும் வினை உண்டு. வேறெம்முறையும் இப்பொருளைத் தன் ஆக்கத்திலேயே இவ்வாறு உடையதன்று.

ஆதலின் இத்தகைய படத்தை மதிப்பிடுவோர் ஒரு வினாவை முதற்கண் எழுப்புதல் தகும்: கலைஞர் கடைசிக் கருமையை எதற்குக் காத்து வைத்தார்? கூரையின் புறக்கோட்டிற்கே எனின், அப்படம் கட்டடத்தின் நிழலுருவாய் முடியும். உள்ளே உழைப்பு நிகழ்ந்த இடத்திற்கு எனின், கட்டடம் எச்சமாய் நின்று நம்மைப் பேசவைக்கும்.

6. தடையும் விடையும்

பல தகடுகளாலும் இதே படத்தை ஆக்கலாமே, குறைப்பு முறைக்கு என்ன தனிச்சிறப்பு என்பது முதல் தடை. ஆக்கலாம், நிறங்களைத் திருத்தவும் வேண்டுமாயின் மீண்டும் அச்சிடவும் அஃது இடந்தரும். மீண்டும் பெறலாகாப் பொருளைக் காட்டுதற்கு மீளாத முறை பொருந்துவது போல அது பொருந்தாது என்பது விடை. கருப்பொருளும் ஆக்கமுறையும் ஒன்றுதல் கவிதைக்கு யாப்பு ஒன்றுதல் போன்றது.

படிகள் இத்தனையே என வரையறுக்கப்படுவதால் விலை ஏறும்; அருமை என்பது வணிகச் சூழ்ச்சியே என்பது இரண்டாம் தடை. இதில் உண்மை உண்டு. படியின் அருமையைக் கலையின் பெருமையாகக் கொள்ளுதல் திறனாய்வாளர்க்கு அழகன்று. படிநிலை அச்சுகளையும் உடன் காத்து, மாணவர் காண வைப்பின் இக்குற்றம் பெரிதும் நீங்கும்.

மூன்றாம் தடையே வன்மை மிக்கது. குழியில் நாள் முழுதும் அமர்ந்து உழைத்தல் துன்பம். அவ்வீட்டை இடித்து நல்வீடு கட்டிக்கொள்ளவும், மக்களை வேறு தொழிலுக்கு அனுப்பவும் நெசவாளர் விரும்புவது இயல்பு. அதனை வருந்தத்தக்க அழிவாகக் காட்டும் படம் பிறர் துன்பத்தில் இன்பம் காண்பது ஆகாதோ? இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் 2009-10இல் 43.31 இலட்சமாக இருந்த நெசவாளர், துணைத்தொழிலாளர் தொகை, 2019-20இல் 35.22 இலட்சமாகக் குறைந்தது. இக்குறைவில் இழப்பும் உண்டு, விடுதலையும் உண்டு. இரண்டையும் பிரித்துணராது புலம்பும் படம் பொய்ப்படம். யாம் வேண்டுவது அவ்வீடு நிலைத்தல் வேண்டும் என்னும் புலம்பலை அன்று. அவ்வீட்டில் நிகழ்ந்தது இன்னது என்னும் சான்றை. குழியின் இருளை அழகுபடுத்தாது இருளாகவே விடும் படம் அச்சான்றைத் தரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குறைப்பு அச்சோவியம் தன் தகட்டை அழித்தே வளரும் இயல்பினால் தொழிற்கட்டடத்தைக் காட்டுதற்குத் தனித் தகுதி உடையது என்பதும், காஞ்சியில் அத்தகுதிக்கு உரிய கட்டடம் தறிவீடே என்பதும், இறுதிக் கருமை தறிக்குழிக்கு உரியதாகும்போது படம் வினைமுதலை இழவாது நிற்கும் என்பதும் பெறப்பட்டன. இடம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்னும் ஆறு முடிபுகளும் பிற தொழில்களின் படங்களை நோக்குவார்க்கும் பயன்படும். உப்பளம், செக்கு, சாயக்கூடம் ஆகியவற்றின் படங்களை இவ்வளவுகோலால் ஆராய்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணியாகும்.

1850இல் அலெக்சாண்டர் அண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியின் வழிவந்த கல்லூரியில் அச்சுக்கலை பயில்வோரும், பல்கலைக்கழகங்களில் தமிழ் பயில்வோரும் ஒருவரையொருவர் அறிதல் நலம். அவர்கள் ஒருங்கே காஞ்சித் தெருக்களுக்குச் சென்று, தறியின் உறுப்புகளுக்கு நெசவாளர் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதியபின் தகட்டில் உளியை வைப்பாராயின், சொல்லும் படமும் ஒருங்கே காக்கப்படும். தறிகள் ஓடும் வீடுகள் இன்னும் உள. ‘நெய்த’ என்பதற்கு முன் ‘நெய்கின்ற’ என்னும் பெயரெச்சமும் அங்கு வழங்குகின்றது. அது வழங்கும் காலத்தே இப்பணி தொடங்கப்படுதல் வேண்டும்.